பென்சிலால் போட்ட ஐந்தாவது கோடு

செய்தி வந்தபோது காலை பத்து மணி இருபது நிமிடம். ஒன்பதாம் வகுப்புக்கு விஞ்ஞான பாடம் நடந்துகொண்டிருந்தது. பாட நேரத்தில் நான் தொலைபேசி எடுப்பதில்லை. ஹமீமா டெங்குக் காய்ச்சலோடு மூன்றாம் நாளாக ஆஸ்பத்திரியில் கிடந்ததால் அன்று மட்டும் அதை மேசை லாச்சிக்குள் வைத்து லாச்சியைத் திறந்தே விட்டிருந்தேன். அவளுடைய கணவர் நிலாமின் பெயர் தெரிந்தது. வகுப்பு வாசலுக்கு வந்து எடுத்தேன்.

“டீச்சர், ஹமீமா மவுத்தாகிட்டா,” என்றார். பிறகு, “இப்பதான். பத்து மணிக்கு. ஒங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன். அவட உம்மாக்கும் இன்னம் சொல்லல்ல.”

ஏன் எனக்கு முதலில் சொன்னார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்ய எடுத்தார்கள். கொட்டாஞ்சேனையில் அவர்களுடைய வீட்டு முன்னறையில், தையல் மெஷினைச் சுவரோடு நகர்த்திவிட்டு அவளைக் கிடத்தியிருந்தார்கள். பெண்களோடு பெண்ணாகப் போய் முகம் பார்த்தேன். முப்பத்தேழு வயது. எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. மூன்று வருடமாக இருந்தது. அதை அங்கேயும் சொல்லவில்லை.

ஹமீமா பெரிய ஆள் இல்லை. பாடசாலைச் சீருடை தைப்பாள். ஜனவரியில் இரவு பகலாகத் தைத்துவிட்டு மார்ச்சில் கண்ணாடியை மாற்றுவாள். நிலாம் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் நிற்பவர். ஒரே மகன் முஸ்அப், இப்போது ஆறு வயது. அவளைப்பற்றி எழுத வேறு யாரும் இல்லை என்பதால் நான் எழுதுகிறேன். எழுதக் கூடாத ஆளும் நான்தான்.

நாங்கள் சந்தித்தது 2022 ஜூன் மாதம். பெற்றோல் வரிசையில் ஆட்கள் படுத்துறங்கிய மாதம். என் மகள் சாருஜா ஏழரை மாதத்தில் பிறந்தாள். ஆயிரத்து நானூற்று ஐம்பது கிராம். எனக்குப் பிரஷர் ஏறி, இரத்தம் நிறையப் போய், கண் விழிக்கவே இரண்டு நாளாயிற்று. பால் வரவில்லை. குறைமாதப் பிள்ளைகளுக்கான மாவு அந்த மாதம் கொழும்பில் கிடைப்பது அருமை. என் கணவர் கார்த்திகன் வெள்ளவத்தையில் தொடங்கிப் பார்மசி பார்மசியாக நடந்தார். பஸ்ஸும் இல்லை.

எனக்கு எதிர்க் கட்டிலில் ஹமீமா. அவளுடைய இரண்டாவது மகன் அர்ஷாத் நான்கு நாள் இருந்துவிட்டுப் போய்விட்டான். அவளுக்கு ஒப்பரேஷன் காயத்தில் கிருமி ஏறியதால் வீட்டுக்கு விடவில்லை. பிள்ளை இல்லாத தாயைப் பிள்ளைகளோடு இருக்கும் தாய்மாருக்கு நடுவில் போட்டிருந்தார்கள். வேறு கட்டில் இருக்கவில்லை. அவளுக்குப் பால் வந்தது. நிறுத்துவதற்கு மாத்திரை கொடுத்தார்கள். அதைத் தலையணைக்குக் கீழ் வைத்துக்கொண்டாள்.

சிஸ்டர் சிங்களப் பெண்மணி. நடுவயது, கடுகடுப்பு. ஹமீமாவின் கிளினிக் அட்டையை எடுத்து இரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்தார், டொக்டரோடு கதைத்தார், பிறகு வந்து கேட்டார்: “நங்கி, தங்கச்சி, அந்த டீச்சரின் பிள்ளைக்குக் கொஞ்சம் கொடுப்பாயா?”

ஹமீமா உடனே ஓம் என்று சொல்லவில்லை. கட்டிலிலிருந்து மெதுவாக இறங்கி, காயத்தைக் கையால் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“பால் ஊறி என்ட சட்டையெல்லாம் நனையுது. சிங்க்ல ஊத்துறேன். ஒங்கட மகளுக்குக் குடுக்க எனக்குச் சந்தோசம். ஆனா பேரு தெரியாம குடுக்க ஏலா.”

“பேர் இன்னும் வைக்கேல்லை அக்கா. பிறந்து முப்பத்தொராம் நாள்தான் வைப்பம்.”

“அதெல்லாம் எனக்குத் தெரியா. பேரு வேணும்.”

அவள் ஏன் கேட்டாள் என்பதைப் பிறகுதான் விளங்கப்படுத்தினாள். ஒரு பெண் இன்னொருத்தியின் பிள்ளைக்கு ஐந்து தரம் பால் கொடுத்தால் அது அவளுக்குப் பிள்ளையாகிவிடும். அவளுடைய சொந்தப் பிள்ளைகளுக்கு உடன்பிறப்பு. அவர்கள் ஒருவரை ஒருவர் கலியாணம் கட்ட முடியாது. அதனால் யாருக்குக் கொடுத்தோம், எத்தனை தரம் கொடுத்தோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். அது அவளுக்கு மார்க்கம்.

சாருஜா என்ற பெயர் அந்தக் கட்டிலில் வைத்துத்தான் முடிவானது. கார்த்திகனுக்கு அடுத்த நாள்தான் தெரியும். நிலாம் கொண்டுவந்த நாற்பது பக்கக் கொப்பியில் ஹமீமா முதலில் ‘அர்ஷாத்’ என்று எழுதினாள். அந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடும் இல்லை; அவன் குடிக்கவேயில்லை. அடுத்த பக்கத்தில் சாருஜா. ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு கோடு. ஒன்பது நாளில் முப்பத்தொரு கோடுகள். பத்தாம் நாள் எனக்கே ஊறத் தொடங்கியது.

ஐந்தாம் நாள் மத்தியானம் பலீலா வந்தாள். அவளே சின்னப் பெட்டை, பத்தொன்பது இருக்கும். அவளுடைய மகள் நிறை உள்ள பிள்ளைதான். மஞ்சட்காமாலை ஏறி நீல விளக்கின் கீழ் வைத்திருந்தார்கள். பலீலா அழுதுகொண்டே இருந்தாள். “எனக்குப் பால் இல்லயாம். மாமி சொன்னா. மாவு வாங்கச் சொல்லி அவர லைன்ல நிப்பாட்டி இரிக்கா.”

“புள்ள பொறந்து எத்தன நாள்?”

“ரெண்டு.”

“ரெண்டு நாள்ல ஆறா ஓடப் பாக்குறியா? ஒன்ட மாமிக்கு வந்து நான் சொல்லவா?”

ஹமீமா தன் பைக்குள் கைவிட்டு முஸ்அபின் போளை ஒன்றை எடுத்தாள், சிறுவர்கள் உருட்டி விளையாடும் கண்ணாடிக் குண்டு. அது எப்படி ஆஸ்பத்திரிப் பைக்குள் வந்ததென்று அவளுக்கே தெரியாது. “பொறந்தண்டக்கி வயிறு இவ்வளவுதான். இதுக்கு எவ்வளவு வேணும்? ஒரு தேக்கரண்டி. அது ஒனக்கிட்ட இரிக்கி. மஞ்சளா வாறத அசிங்கம் எண்டு பிழிஞ்சி ஊத்திட்டியா?”

பலீலா தலையாட்டினாள். ஊற்றியிருந்தாள். மாமி சொன்னதாம்.

ஹமீமா ஏசவில்லை. அன்று பின்னேரமும் இரவும் பலீலாவின் மகளுக்கு நான்கு தரம் தன் பாலைக் கோப்பையில் கொடுத்தாள். ஒவ்வொரு தரமும் முதலில் பிள்ளையைப் பலீலாவின் மார்பில் வைக்கப் பண்ணினாள். வாய் எவ்வளவு திறக்க வேண்டும், தலையை எங்கே பிடிக்க வேண்டும், எப்போது விட்டுவிட வேண்டும் என்று, மெஷினில் நூல் கோக்கப் பழக்குகிறவளைப் போலப் பொறுமையாகக் காட்டினாள். மூன்றாம் பக்கத்தில் ‘பலீலாட மகள்’ என்று எழுதி நான்கு கோடு போட்டாள். தாயின் பெயர் இருக்கிறதே என்று, பிள்ளையின் பெயருக்கு இடம் விட்டாள். ஏழாம் நாள் பெயர் வைத்துவிட்டு அறிவிப்பதாகப் பலீலா சொன்னாள்.

மறுநாள் காலை நடந்ததை நான் நேராகவே எழுதுகிறேன்.

ஹமீமாவைக் காயத்துக்கு மருந்து கட்டக் கொண்டுபோனார்கள். போகுமுன் இரண்டு கோப்பையில் பால் எடுத்து மூடி என் அலுமாரிமேல் வைத்தாள். “இது சாருஜாக்கு. இது பலீலாட மகளுக்கு. அவ குளிச்சிட்டு வந்தோன்ன குடுங்க டீச்சர்.” அன்று காலை நிறுத்தபோது சாருஜா முப்பது கிராம் குறைந்திருந்தாள். டொக்டர் அதை எழுதிக்கொண்டு போனார். அந்த முப்பது கிராம் என் தலைக்குள்ளேயே நின்றது. ஒன்பது மணிக்குச் சாருஜாவின் கோப்பையைக் கொடுத்தேன். பன்னிரண்டு மணிக்கு மற்றக் கோப்பையையும் சாருஜாவுக்குத்தான் கொடுத்தேன்.

பலீலாவின் பிள்ளை பட்டினி கிடக்கவில்லை. அன்று காலை பலீலாவுக்குத் தானாகவே பால் வந்துவிட்டது. அவள் கோப்பையைக் கேட்கவேயில்லை. பிறகு வந்து சிரித்துக்கொண்டு சட்டை நனைந்ததைக் காட்டினாள். ஆனால் நான் எடுத்தது அது எனக்குத் தெரிவதற்கு முன்பு.

ஹமீமா திரும்பி வந்து, “ரெண்டும் குடிச்சிட்டுதா?” என்று கேட்டாள்.

“கோப்பை ரெண்டும் வெறுமைதான் அக்கா,” என்றேன்.

அவள் கொப்பியை எடுத்தாள். சாருஜாவுக்கு மையால் ஒரு கோடு. பலீலாவின் மகளுக்கு வந்ததும் பேனையை வைத்துவிட்டுச் சிஸ்டரிடம் பென்சில் வாங்கினாள். “கண்ணால காணாதத மையால எழுத ஏலா,” என்றாள். பலீலா வந்ததும் கேட்டுவிட்டு மையால் போடலாம் என்று நினைத்திருக்கிறாள். பின்னேரம் மருந்து மயக்கத்தில் அவள் தூங்கிவிட்டாள். அந்த நேரத்தில் பலீலாவுக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுக்குக் கேட்க முடியவில்லை. அவள் வீடு திரும்பி எடுத்துப் பார்த்தபோது, பலீலா கொடுத்துவிட்டுப் போன தொலைபேசி இலக்கம் செத்திருந்தது.

நான்கா ஐந்தா என்பதுதான் ஹமீமாவின் வாழ்க்கையில் கடைசி மூன்று வருடம். நான்கென்றால் ஒன்றும் இல்லை. ஐந்தென்றால் முஸ்அபுக்கு எங்கேயோ பெயர் தெரியாத ஒரு தங்கச்சி வளர்கிறாள். இருபது வருடத்தில் ஒரு தரகர் அவளுடைய படத்தையே கொண்டுவந்து காட்டலாம். கொழும்பு பெரிய ஊர்தான். ஆனால் பெண் பார்க்கும்போது அது சின்ன ஊர்.

அவள் மௌலவியிடம் போய்க் கேட்டாள். சந்தேகம் இருந்தால் சட்டத்தில் ஒன்றும் ஆகாது என்று அவர் சொன்னார். பேணுதல் என்று ஒன்று இருக்கிறது, விலகி நடந்தால் நல்லது என்றும் சொன்னார். அவளுக்கு இரண்டாவது வசனம் மட்டும்தான் கேட்டது.

“நாலுன்டு வெச்சிக்கோயேன். ஆரு கேக்கப் போற?” என்று நிலாம் ஒருநாள் என் முன்னாலேயே சொன்னார்.

“கேக்குறவன் கேப்பான்.”

“மூணு வயசுப் புள்ளக்கி இப்பவே பொண்ணு பாக்குறா டீச்சர் இவ.”

“பொண்ணு பாக்கல்ல. எந்தப் பொண்ணப் பாக்கப்படாது எண்டு பாக்குறேன்.”

ஞாயிற்றுக்கிழமைகளில் மகனைக் கூட்டிக்கொண்டு மட்டக்குளி பஸ் ஏறுவாள். பலீலாவின் கிளினிக் அட்டையில் அந்தப் பக்கத்து விலாசம் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். மாடி வீட்டுத் தொகுதிகளில் கதவு கதவாகக் கேட்பாள். சில ஞாயிறு நானும் போனேன். ஒருமுறை மூன்றாம் மாடியில் ஒரு பெண் கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே கேட்டாள்: “பலீலா எண்டா இங்க நாலு பேர் இரிக்கி. என்ன, சீட்டுக் கட்டாம ஓடிட்டாளா?”

“இல்ல தங்கச்சி. அவட மகள் என்ட பாலக் குடிச்சிட்டு ஓடிட்டா.”

அந்தப் பெண் சிரித்துச் சங்கிலியைக் கழற்றினாள். அங்கே மூன்று மாதப் பிள்ளை ஒன்று போத்தலோடு கிடந்தது. ஹமீமா வந்த வேலையை மறந்து ஒரு மணித்தியாலம் அந்தத் தாயோடு தரையில் இருந்தாள். அப்படித்தான் அவள் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் ஆனாள். பலீலாவைத் தேடிப் போன வீடுகளிலெல்லாம் பால் இல்லை என்று சொல்லப்பட்ட பெட்டைகள் இருந்தார்கள். அப்பகுதிக் குடும்பநல மாதுவே பிறகு அவளுக்கு ஆள் அனுப்பத் தொடங்கினார்: ‘அந்தத் தையல்காரத் தாத்தாவைக் கூப்பிடுங்கோ.’ தாத்தா என்று அக்காமாரைத்தான் அங்கே சொல்வார்கள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அந்தப் பஸ்ஸில், மடியில் முஸ்அப் தூங்கும்போது, இரண்டு வசனம். முதல் வருடம் வெட்கத்தால் சொல்லவில்லை. எனக்கு முப்பத்திரண்டு கோப்பை தந்தவளிடம் ஒன்றைத் திருடினேன் என்று எப்படிச் சொல்வது. கொப்பியில் முப்பத்தொன்றுதான் இருந்தது, முப்பத்திரண்டாவது எனக்கு மட்டும் தெரியும். இரண்டாம் வருடம், அவள் இவ்வளவு அலைந்த பிறகு சொன்னால் அந்த அலைச்சல் எல்லாம் என் தலையில் விழும் என்று பயந்தேன். மூன்றாம் வருடம் வேறொரு காரணம் கண்டுபிடித்தேன். அவள் இப்போது ‘எனக்கு ஒரு மகள் அங்க இரிக்கா’ என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். பெருநாளைக்குச் சாருஜாவுக்குத் தைக்கும்போது அதே அளவில் இன்னொரு சட்டையும் தைத்தாள். உண்மையைச் சொன்னால் அந்த மகளையும் அவளிடமிருந்து எடுத்துவிடுவேனே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல மனதின் காரணம் போல இருந்தது. அதுவும் பயம்தான்.

போன வருடம் ஓகஸ்ட் முதல் வாரம், தாய்ப்பால் வாரத்துக்கு, அவளை எங்கள் பாடசாலைக்குக் கூப்பிட்டேன். பாடப் புத்தகத்தில் தாய்ப்பாலைப் பற்றி நோய் எதிர்ப்புச் சக்தி தரும் என்று ஒரு வசனம் இருக்கிறது. நானும் வருடா வருடம் அந்த ஒரு வசனத்தைத்தான் வாசித்து, பிள்ளைகள் சிரிக்குமுன் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். அவள் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் மேசையில் ஒரு போளை, ஒரு தேசிக்காய், ஒரு கோழி முட்டை வைத்தாள்.

பிள்ளைகள் சிரித்தார்கள்.

“சிரிங்க, சிரிங்க. நானும் ஒங்கட வயசுல சிரிச்சவதான். பொறகு ராத்திரி ரெண்டு மணிக்குப் புள்ள கத்தக்குள்ள ஆரும் சிரிக்க மாட்டாங்க. இது மொதல் நாள் வயிறு. இது மூணாம் நாள். இது பத்தாம் நாள். இந்த முட்ட அளவு வாறத்துக்கிடையில பால் இல்ல பால் இல்ல எண்டு எத்தன பேர் ஒங்கட காதுல சொல்வாங்க தெரியுமா? மாமி சொல்வா. பக்கத்து ஊட்டு அன்ட்டி சொல்வா. சொல்ற ஆள்ட்ட இந்தப் போளையக் காட்டுங்க.”

பின்வரிசையில் ஷிம்னா என்ற பிள்ளை, “அன்ட்டி, உண்மையாவே இல்லாட்டி?” என்று கேட்டாள்.

“உண்மையாவே ஏலாத ஆக்களும் இரிக்காங்க. அவங்கள ஏசப்படாது. இந்தா, ஒங்கட டீச்சர். சாகப் போய் வந்தவ. அவக்கு ஒன்பது நாள் இல்ல. நான் குடுத்தேன். அதுல என்ன வெக்கம்?” பிள்ளைகள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். “ஆனா குடுத்தா பேர எழுதி வைங்க. எத்தன தரம் எண்டும் எழுதி வைங்க. நான் ஒரு கோப்பைய விட்டுட்டேன். இன்னம் தேடுறேன்.”

அந்தக் கோப்பையின் கதையை முழுதாகச் சொன்னாள். ஷிம்னாதான் மீண்டும் கேட்டாள்: “அந்த மகள் கிடைக்காட்டி என்ன செய்வீங்க?”

“கிடைப்பா. இல்லாட்டி கண்ட ஒராள் வந்து சொல்லும். கண்டவங்க இருந்தா சொல்லாம இருக்க மாட்டாங்க மகள்.”

நான் ஜன்னலோரம் நின்றேன். மணி அடிக்க ஏழு நிமிடம் இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. அவளுக்கு என்மேல் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

அடுத்த கிழமை இரண்டு பெற்றோர் வந்து, பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பேச்செல்லாம் தேவையா என்று கேட்டார்கள். இனி வெளியாட்களைக் கூப்பிட வேண்டாம் என்று அதிபர் சொன்னார். அதை ஹமீமாவிடம் சொன்னேன். “பரவால்ல, போளை மேசையில விட்டுட்டு வந்தேன். முஸ்அப் தேடுறான். எடுத்து வைங்க,” என்றாள். இந்த மாதிரிச் செய்திகளை எல்லாம் அவளிடம் சொல்ல எனக்கு வாய் வந்தது.

போன ஞாயிறு நிலாம் முஸ்அபோடு வெள்ளவத்தைக்கு வந்தார். சாருஜா அவனை அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். நிலாம் கதிரை நுனியில் இருந்து அந்தக் கொப்பியை மேசையில் வைத்தார்.

“ஆஸ்பத்திரில சொன்னா, டீச்சர்ட்ட குடுங்க எண்டு. டீச்சர் அந்த ரூம்ல இருந்தவ, அவக்குத்தான் வெளங்கும் எண்டு. அதான் அண்டக்கி ஒங்களுக்கு முதல்ல சொன்னேன். எனக்குக் கதவு கதவாத் தட்ட ஏலா டீச்சர். கடையில லீவும் இல்ல. நீங்க தேடுவீங்களா?”

கார்த்திகன் தேநீர் கொண்டுவந்து வைத்தார். நான் சொன்னேன். முப்பது கிராமிலிருந்து வெறும் கோப்பை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். கார்த்திகனுக்கும் அப்போதுதான் தெரியும்.

நிலாம் தேநீரைத் தள்ளி வைத்தார்.

“அப்ப நாலு,” என்றார்.

“ஓம். நாலுதான்.”

“மூணு வருசமா ஞாயித்துக்கெழம எங்கட ஊட்டுல பகல் சோறு மூணு மணிக்கி.” அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு விபரம் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு, “சட்ட ஒன்டு தச்சி இரிக்கா. மூணு வயசுப் புள்ளக்கி. அத என்ன செய்ய?”

மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். எழும்பும்போது கொப்பியை நான் அவர் பக்கம் தள்ளினேன். அவர் எடுக்கவில்லை. “அது அவட எழுத்து. அழிக்கிறதெண்டா நீங்களே அழிங்க. எழுதுறதயும் எழுதுங்க. இவன் பெரிசானா வாசிக்கட்டும்,” என்று மகனைக் கூப்பிட்டார். முஸ்அப் சாருஜாவின் நிறப் பென்சில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே வந்தான். திருப்பிக் கொடுக்கச் சொல்லி நிலாம் அவனை அனுப்பினார்.

இதை எழுதும்போது கொப்பி பக்கத்தில் விரித்தபடி இருக்கிறது. சாருஜாவின் பக்கத்தில் முப்பத்திரண்டாவது கோட்டை நான் மையால் போட்டுவிட்டேன். அது சுலபமாக இருந்தது. அடுத்த பக்கத்தில் ‘பலீலாட மகள்’, பெயருக்கு விட்ட இடம், மையில் நான்கு கோடுகள். ஐந்தாவது பென்சிலில் இருக்கிறது. அழிறப்பரை எடுத்து வைத்து ஆறு நாளாகிறது. இன்னும் அழிக்கவில்லை.